சொல்லி முடிக்கும்வரை மூடிய கை

நான் அதிகம் படித்தவன் இல்லை. பத்தாவதோடு நின்றுவிட்டது. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸில் வேலை. எனக்கு வந்த வியாதி இன்னொருத்தருக்கு வந்தால், அவர் வீட்டுக்காரர்களாவது பயந்து தடுமாறாமல் இருக்கட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். பெருமாள் கிருபையில் கை இப்போது பேனா பிடிக்கிறது. ஒரு பக்கம் எழுதினால் விரல் நடுங்குகிறது. நிறுத்தி நிறுத்தித்தான் எழுதினேன்.

ஒரு சனிக்கிழமை, ஸ்ரீபெரும்புதூர் கோவிலில்தான் தொடங்கியது. மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது போகாமல் இருக்கமாட்டேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதாகத்தான் நினைப்பு. உடையவர் சன்னதிக்குப் போகும் வழியில் ஒரு அம்மாள் என் காலைப் பார்த்து, "இன்னாங்க, செருப்போட வரீங்க" என்றார். குனிந்தேன். வலது காலில் இல்லை. இடது காலில் செருப்பு இருந்தது. அது இருப்பதே எனக்குத் தெரியவில்லை.

ஓடிப்போய் வெளியே விட்டுவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து, செய்த அபசாரத்துக்கு மன்னிப்புக் கேட்டுப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றினேன். கால் மரத்துப்போனதைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. பத்து நாளைக்கு முன்னால் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்து போயிருந்தது. அதன் அசதி என்று விட்டுவிட்டேன். டாக்டரிடம் போயிருக்க வேண்டிய நேரத்தில் பிரகாரம் சுற்றிக்கொண்டிருந்தேன். சுற்றியது தப்பு என்று சொல்லமாட்டேன். அதோடு நிறுத்திக்கொண்டதுதான் தப்பு.

மறுநாள் ஞாயிறு. எங்கள் வீட்டில் ஞாயிறென்றால் விளையாட்டு. என் மகள் நித்யா ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறாள். அவளும் அவள் சிநேகிதர்கள் மூன்று பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து விளையாடுவார்கள். சீட்டாட்டம் இல்லை, காசு கிடையாது. நித்யா கதை சொல்லுவாள்: இருட்டுக் குகை, இடிந்த கோட்டை, புதையலைக் காக்கும் பூதம். மற்ற மூன்று பேரும் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு அந்தக் கதைக்குள் நடப்பார்கள். கதவைத் திறக்கிறேன், சுவர் ஏறுகிறேன் என்று வாயால்தான் சொல்ல வேண்டும். சொன்னது நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகம் உள்ள ஒரு பகடை முடிவு செய்யும். மூன்று பேரும் சேர்ந்து பிழைத்தால்தான் கதை நகரும். ஒருத்தர் மட்டும் ஜெயிக்க முடியாது.

எனக்கு அது பிடிக்கவில்லை. பூதம், சாபம் என்று சாமி படம் மாட்டிய கூடத்தில் பேசுகிறார்களே என்று கஸ்தூரியிடம் முணுமுணுப்பேன். கஸ்தூரி என் மனைவி. "பசங்க வெளியில சுத்தாம வூட்டுல கீதுங்க, விடுங்க" என்பாள்.

அந்த மூன்று பேரில் ஒருவர் அருள். பக்கத்துக் கிராமத்துக் கிறிஸ்தவக் குடும்பம். பிறக்கும்போது மூச்சுத் திணறியதால் கை கால் இறுகிப்போனவர். சக்கர நாற்காலியில்தான் வருவார். பேச்சும் இழுத்து இழுத்துத்தான் வரும். அறிவுக்குக் குறைவே இல்லை, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் கம்பெனி வேலை பார்க்கிறார். நாற்காலி அடியில் போவதற்காக எங்கள் மேசையின் நாலு காலுக்கும், கம்பெனியில் சாமான் அடுக்கும் பேலட் கட்டை வைத்து உயர்த்தியிருந்தாள் நித்யா. பகடையை அவர் விரலால் உருட்ட முடியாது. எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் கொடுப்பார்கள், மணிக்கட்டால் தட்டிக் கவிழ்ப்பார். பேச்சு அறவே வராத நாளுக்கு ஒரு எழுத்து அட்டை வைத்திருந்தார். முதல் வரிசையில் உயிரெழுத்து, அடுத்த மூன்று வரிசையில் க முதல் ன வரை, கடைசி வரிசையில் காலும் கொம்பும், கி, கு எழுத மேல்விலங்கும் கீழ்விலங்கும்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. அருள் பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் ஆளுக்கொரு பகடையைக் கைக்குள் வைத்து மூடிக்கொள்வார்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை கையும் திறக்காது, வாயும் திறக்காது. ஏன் என்று ஒருமுறை கேட்டதற்கு நித்யா சொன்னாள். ஆரம்பத்தில் ஒரு ஆட்டத்தில் அருள் ஒரு கதவைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தாராம். கதவைத் திறக்கச் சொல்கிறார் என்று மற்ற இருவரும் அவசரமாக அவர் பேச்சை முடித்துவைத்துவிட்டார்கள். அவர் சொல்ல வந்தது திறக்காதே என்று. உள்ளே இருந்த நெருப்புப் பாம்பு மூன்று பேரையும் எரித்துவிட்டதாம். அன்றைக்கு வந்த வழக்கம்.

நான் கேட்டுச் சிரித்தேன். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. அருள் ஒரு வார்த்தை தொடங்கினால் மீதியை நானே போட்டு முடித்து, தலையாட்டிவிட்டுப் போய்விடுவேன். அந்த ஞாயிறும் அப்படித்தான். காபி டம்ளர்களை வைத்துவிட்டு நடந்தபோது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அங்கிள்... உங்க..." என்று தொடங்கினார். "சாப்பாடு ரெடி ஆய்க்கினு கீதுப்பா, இரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

திங்கட்கிழமை ஷிப்ட்டில் ரேக்கிலிருந்து பெட்டியை எடுக்க ஏணியில் கால் வைத்தேன். கால் நிற்கவில்லை. விழுந்தவன் எழுந்திருக்க முடியவில்லை. கம்பெனி ஆம்புலன்சில் ஸ்ரீபெரும்புதூர் கொண்டுபோனார்கள். அங்கே பார்த்த டாக்டர் முட்டியில் சுத்தியால் தட்டினார். கால் அசையவில்லை. முகம் மாறி, உடனே சென்னைக்கு எழுதிக் கொடுத்தார். செம்பரம்பாக்கம் தாண்டும்போது தண்ணீர் கேட்டேன். கஸ்தூரி பாட்டிலைக் கொடுத்தாள். பிடிக்க விரல் மடங்கவில்லை. காலையில் கால், மதியம் கை. இப்படியே மேலே ஏறினால் எங்கே போய் நிற்கும் என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

சென்னையில் நரம்பில் சிறு சிறு கரண்ட் வைத்துப் பார்த்தார்கள். முதுகில் ஊசி போட்டு, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரை எடுத்தார்கள். கில்லன் பாரே என்று வியாதிக்குப் பெயர் சொன்னார்கள். காய்ச்சலை எதிர்க்கக் கிளம்பிய நம் உடம்பின் காவல் படை, ஆள் தெரியாமல் நம் நரம்பையே தாக்குமாம். வயரின் மேலுறை எரிந்துபோனால் கரண்ட் போகாதே, அப்படி நரம்பின் உறை போய்விடுகிறது என்று டாக்டர் விளக்கினார். ரத்தத்தில் உள்ள நீர்ப்பகுதியை மெஷினில் பிரித்து எடுத்துவிட்டு வேறு ஏற்றினால் குணமாகும், ஆனால் நாளாகும் என்றார். காப்பீடு பாதிக்கு மேல் ஏற்றது, மீதிக்குக் கஸ்தூரி வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மனம் வரவில்லை.

இரண்டாம் நாள் மூச்சு குறைந்தது. ஒரு மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று நர்ஸ் எண்ணச் சொல்லுவார். காலையில் இருபது வந்தது. மதியம் ஒன்பது. சாயங்காலம் நாலு சொல்வதற்குள் நின்றுவிட்டது. தொண்டையில் குழாய் விட்டு மெஷினில் மாட்டினார்கள். மாட்டுவதற்கு முன் நாராயணா என்று சொல்லப் பார்த்தேன். பாதிதான் வந்தது.

தூக்க மருந்தில் கிடந்த நாட்கள் நினைவில்லை. ஆறாம் நாள் காலை மருந்தைக் குறைத்தார்கள். விழித்தேன். காது கேட்டது, கண் தெரிந்தது. இமை மட்டும் மூடித் திறந்தது, கருவிழி மேலும் கீழும் போனது. வேறு எதுவும் என்னுடையதாக இல்லை. கூப்பிடக் குரல் இல்லை, தள்ளக் கை இல்லை. மூக்கின் மேல் ஒரு ஈ உட்கார்ந்தாலும் அது தானாகப் போனால்தான் உண்டு. உயிரோடு பெட்டியில் வைத்துப் பூட்டியது போலத்தான். என் வாழ்நாளில் அப்படிப் பயந்தது கிடையாது.

ஒருமுறை சிமிட்டினால் ஆமாம், இரண்டு முறை என்றால் இல்லை என்று நித்யா எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். அது பெரிய உதவி. ஆனால் கேட்பவருக்குத் தோன்றியதைத்தானே கேட்பார்கள். வலிக்குதா, குளிருதா, சாமி பாட்டு போடட்டுமா. எனக்குள் இருப்பதைக் கேட்க ஒருவருக்கும் தோன்றாவிட்டால் அது எனக்குள்ளேயே இருக்கும்.

அன்று பதினோரு மணிக்கு டாக்டர் வந்தார். மெஷினால் நுரையீரலில் சளி கட்டிக் கிருமி சேர்ந்திருக்கிறது, பென்சிலின் வகையில் ஒரு பலமான ஊசி தொடங்கப்போகிறோம் என்றார். கஸ்தூரியை உள்ளே கூப்பிட்டு, எந்த ஊசியாவது எனக்கு ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க சார்" என்றாள் கஸ்தூரி.

அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாது. நான் இரண்டு முறை சிமிட்டியதை யாரும் பார்க்கவில்லை.

ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு புரட்டாசி. சனிக்கிழமை விரதத்தோடு வேலைக்குப் போனேன். தகடு கிழித்துக் கையில் காயம். கூட இருந்தவர் பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். பென்சிலின் ஊசி என்று முதலில் தோலில் கொஞ்சம் குத்திப் பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. முழு ஊசியும் போட்ட ஐந்தாவது நிமிடம் முகம் வீங்கி, தொண்டை அடைத்து, கண் இருட்டிவிட்டது. மாற்று ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார்கள். இந்த வகை மருந்தே இனி உங்களுக்கு ஆகாது, இதை எப்போதும் கையோடு வைத்திருங்கள் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார் அந்த டாக்டர்.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் கஸ்தூரி விரதத்தைத்தான் குறை சொல்லுவாள், அடுத்த சனிக்கிழமை இருக்க விடமாட்டாள். பெருமாள்தான் காப்பாற்றினார், அவரிடம் சொல்லியாகிவிட்டது, வேறு யாரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சட்டைப்பையில் இருக்க வேண்டிய சீட்டை ஒரு ரூபாயோடு சேர்த்து மஞ்சள் துணியில் முடிந்து பூஜை அலமாரியில் வைத்துக் கும்பிட்டேன். கஸ்தூரி தினமும் அந்த முடிச்சுக்குப் பொட்டு வைக்கிறாள். வேண்டுதல் முடிச்சைப் பிரித்துப் பார்க்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

ஊசி ஆறு மணிக்கு என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு டாக்டர் போனார். எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது. டெஸ்ட் டோஸ் போட்டுவிட்டுத்தான் போடுவோம் என்று நர்ஸ் சொன்னது கேட்டது. அன்றைக்கும் டெஸ்ட்டில் ஒன்றும் தெரியவில்லை என்று எனக்குத்தானே தெரியும்.

நாலு மணிக்குக் கஸ்தூரி வந்தாள். என் தலைக்கு மேல் இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று, மருந்து எழுதிய அட்டை. அதற்குப் பக்கத்தில் அவள் ஒட்டிவைத்த பெருமாள் படம். நான் அட்டையைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன். மறுபடி அட்டையைப் பார்த்தேன். அவள் முகம் மலர்ந்தது. படத்தை எடுத்து என் இரண்டு கண்ணிலும் ஒற்றினாள். துளசி ஒன்றைக் காதில் வைத்தாள். என் கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"பாருங்க சிஸ்டர், சாமியப் பாத்ததும் அழுவுறாரு" என்றாள்.

பெருமாளே, நான் உன்னைப் பார்க்கவில்லை, உன் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கிறேன், இவளுக்குச் சொல்லேன் என்று உள்ளுக்குள் கதறினேன். கடிகாரம் நாலு இருபது.

நாலரைக்கு நித்யா வந்தாள். இரண்டு பேரை ஒன்றாக விடமாட்டார்கள். அன்றைக்கு நர்ஸ் இரக்கப்பட்டு விட்டார். நித்யாவின் கையில் அருளின் எழுத்து அட்டை இருந்தது. அன்று காலை நான் கண் விழித்ததை அவள் சொல்ல, அருள் ஒரு ஆட்டோக்காரரைப் பேசி நாற்காலியோடு கிளம்பி வந்திருக்கிறார். ஐ.சி.யூ.வுக்குள் நாற்காலிக்கு அனுமதி இல்லை. கீழே காத்திருந்துகொண்டு அட்டையைக் கொடுத்தனுப்பியிருந்தார்.

நித்யா ஒவ்வொரு வரிசையாக விரல் வைத்தாள். முதல் வரிசையில் சிமிட்டினேன். எழுத்து எழுத்தாக நகர்த்தினாள். ஊ. பிறகு ச. பிறகு மேல்விலங்கு.

"ஊசியா? ஊசி வலிக்குதா?" என்றாள் கஸ்தூரி. "பயப்படாதீங்க. ஒண்ணும் ஆவாது. நல்லதுக்குத்தானே போடுறாங்க."

இரண்டு முறை சிமிட்டினேன். அதற்குள் நர்ஸும், எல்லாருக்கும் ஊசி என்றால் பயம்தான் என்று சிரித்தார். கஸ்தூரி என் நெற்றியைத் தடவிக்கொண்டே, தைரியமாக இருக்கச் சொன்னாள். இருவரும் அட்டையைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். நான் தொடங்கியதை அவர்களே முடித்துவைத்துவிட்டார்கள். அந்த நேரத்தில் எனக்கு அருள் முகம் ஞாபகம் வந்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்த முகத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறேன்.

நித்யா மட்டும் என் கண்ணிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. கைப்பையைத் துழாவி ஒரு பகடையை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"மூடிக்கம்மா. அப்பா இன்னும் முடிக்கல. அவரு முடிக்கிற வரைக்கும் கையத் தொறக்காத, வாயையும் தொறக்காத."

"இன்னாடி இது, ஆஸ்பத்திரில வந்து..."

"கீழ உக்காந்துகினு கீறானே அருள், அவன் சொல்லி அனுப்பினது இது ஒண்ணுதான். மூடும்மா."

கஸ்தூரி மூடினாள். நித்யா மறுபடி விரல் வைத்தாள். ஆ. க. கால். எழுத்துக்கு எழுத்து கண் எரிந்தது. ஒருமுறை இமை தானாக மூடி வரிசை தப்பிவிட்டது. அவள் சலித்துக்கொள்ளாமல் முதலிலிருந்து வந்தாள். என்ன வார்த்தை என்று அவளுக்கு அதற்குள் புரிந்திருக்கும். ஆனாலும் முடிக்கவில்லை. த. கீழ்விலங்கு.

ஊசி ஆகாது.

நர்ஸ் சிரிப்பதை நிறுத்தினார். இன்றைக்குப் போடப்போகிற ஊசியா என்று நித்யா கேட்டாள். ஒருமுறை சிமிட்டினேன். முன்னாடி போட்டு ஏதாவது ஆகியிருக்கிறதா. ஒருமுறை. கஸ்தூரி வாயைத் திறந்தாள், மூடிய கையைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள். நான் இன்னும் இருக்கிறது என்று அட்டையைப் பார்த்தேன். மஞ்ச முடிச்சு என்று சொல்லி முடிக்க ஐந்து மணி தாண்டிவிட்டது. பார்வை நேரம் முடிந்தும் நர்ஸ் அவர்களைப் போகச் சொல்லவில்லை. டாக்டருக்குப் போன் செய்து ஊசியை நிறுத்திவைத்தார்.

கஸ்தூரி அங்கேயே நின்று எங்கள் மாடியில் குடியிருக்கும் திருநெல்வேலிப் பெண்ணுக்குப் போன் போட்டாள். எங்கள் வீட்டு மாற்றுச் சாவி அவளிடம்தான் இருக்கும். ஸ்பீக்கரில் அந்தப் பெண்ணின் குரல் எனக்கும் கேட்டது.

"சாமி முடிச்சுல்லா இது. நான் எப்படிக்கா பிரிக்க?"

"நீ பிரிம்மா. பாவம் வந்தா எனக்கு வரட்டும்" என்றாள் கஸ்தூரி.

சீட்டின் படம் போனில் வந்தது. டாக்டர் வந்து பார்த்தார். எழுதியதை அடித்துவிட்டு வேறு மருந்து எழுதினார். என் தலைமாட்டில் சிவப்பு எழுத்தில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். போகும்போது கஸ்தூரி திரும்பி வந்து என் காதருகே குனிந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். காதில் வைத்த துளசியைச் சரிசெய்தாள். கைக்குள் பகடை இன்னும் இருந்தது. அதை எடுக்க மறந்து மூடியபடியே போனாள்.

அதற்குப் பிறகும் நாட்கள் நீண்டன. கழுத்தில் துளை போட்டுக் குழாயை மாற்றினார்கள். வாய் வழியாக அதிக நாள் குழாய் இருக்கக் கூடாதாம். மெஷின் இல்லாமல் முதல் நாள் பத்து நிமிடம் மூச்சு விட்டேன். பத்தும் பயம்தான். ஒவ்வொரு மூச்சும் வருமா என்று பார்த்துப் பார்த்து விட்டேன். முதலில் தோள் வந்தது, பிறகு கை, கடைசியில்தான் கால். சக்கர நாற்காலியில் வீட்டுக்கு வந்து இறங்கியபோது, வாசல் படிக்கு மேல் நித்யா அருளுக்காகப் போட்ட பலகை இருந்தது. நான் போகும் வரும் வழியில் இடிக்கிறது என்று எத்தனையோ முறை எடுத்து ஓரமாகச் சாத்தியிருக்கிறேன். அதில்தான் என்னைத் தள்ளி ஏற்றினார்கள்.

அடுத்த ஞாயிறு அருள் வந்தார். பேலட் கட்டை மேல் உயர்ந்த மேசைக்கு அடியில் இரண்டு நாற்காலியும் போனது. நான் காபி கொண்டுவந்த அந்த ஞாயிறு என்னிடம் என்ன சொல்ல வந்தாய் என்று கேட்டேன். நித்யா ஒரு பகடையை என் கையில் வைத்தாள். விரல் முழுதாக மூடவில்லை, இன்னொரு கையால் மூடிப் பிடித்துக்கொண்டேன். அவர் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. இரண்டு முறை எனக்கு வாய் துடித்தது.

"அங்கிள்... உங்க... எடது காலு... இழுக்குது. எனக்கு... தெரியும். இன்னிக்கே... டாக்டரப் பாருங்க."

திங்கட்கிழமை விழுவதற்கு ஒரு முழுநாள் முன்பு. காலைப் பற்றி என்னைவிட அவருக்குத்தானே தெரியும். நான் சாப்பாடு ரெடி என்று சொல்லிவிட்டுப் போனேன்.

இப்போது கைத்தடியோடு நடக்கிறேன். ஸ்டோர்ஸில் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்திருக்கிறார்கள். இந்த வியாதி திரும்ப வருவது அபூர்வம் என்று டாக்டர் சொல்கிறார். இருந்தாலும் காலையில் கண் விழித்ததும் இரண்டு கால் விரலையும் ஆட்டிப் பார்க்காமல் எழுவதில்லை. சீட்டு இப்போது சட்டைப்பையில், கஸ்தூரியிடம் ஒரு நகல், நித்யாவிடம் ஒரு நகல். முடிச்சில் வெறும் ஒரு ரூபாய்தான்.

நேற்றுக் காலை விளக்கேற்றிக் கும்பிடும்போது இடது கட்டைவிரல் மரத்தது போல இருந்தது. முதலில் பெருமாளிடம் சொன்னேன். பிறகு அடுப்படிக்குப் போனேன்.

"கஸ்தூரி, எனக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"பசிக்குதா? தோ..." என்றவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். பக்கத்தில் ஊறப்போட எடுத்துவைத்திருந்த புளியிலிருந்து ஒரு கொட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

கட்டைவிரலைப் பற்றிச் சொன்னேன். டாக்டரிடம் இன்றைக்கே காட்டலாம் என்று சொன்னேன். அத்தோடு முடிந்துவிட்டது என்று நினைத்து அவள் கையைத் திறக்கப் போனாள். இன்னும் இருக்கிறது என்று தலையசைத்தேன். ஆஸ்பத்திரியில் எத்தனையோ எழுத்தைக் கண்ணால் சொன்னேன், இதை மட்டும் சொல்லவே இல்லை. சொல்வதற்கு முன்பே எல்லோரும் பயப்படாதீங்க என்று சொல்லி முடித்துவைத்துவிடுவார்கள்.

"பயமா கீது கஸ்தூரி" என்றேன்.

அவள் பயப்படாதீங்க என்று சொல்லவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, மூடிய கையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.